பதினாறு நட்டுகள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவளை ஊரில் எல்லோரும் பிரேக்கக்கா என்றுதான் சொல்வார்கள். பயிற்சிப் பள்ளியின் பலகையில் வேறு பெயர் எழுதியிருந்தது. அதை அவள் வீட்டுக்காரரைத் தவிர யாரும் முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள். பத்தொன்பது வருடமாக அவள் உட்காருவது ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில். அங்கே ஸ்டீயரிங் கிடையாது. காலடியில் தனியாக ஒரு பிரேக் மட்டும் உண்டு. யார் யாரோ அவள் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு வளைக்க, நெளிக்க, அவளுக்கென்று இருந்த ஒரே அதிகாரம் நிறுத்துவதுதான்.

அதனாலோ என்னவோ, வண்டியை விட்டு இறங்கிய பிறகு அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் நேரத்துக்குள் மாடிக்குப் போய்த் துணியைத் திருப்பிப் போட்டுவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் காருக்கடியில்தான் வாசம். எண்ணெய் மாற்றுவது, பிளக் துடைப்பது, பிரேக் கட்டை பார்ப்பது எல்லாம் அவளே. இருந்தது ஒரே கார். அதை ஒர்க்‌ஷாப்பில் ஒரு நாள் விட்டால் ஒரு நாள் வகுப்பு போச்சு. தவிர, தன் வண்டிக்குள் இன்னொருவர் கைவிட்டால் அவளுக்குப் பொறுக்காது.

வீட்டுக்காரர் அவளுக்கு நேர் எதிர். ஆஸ்பத்திரியில் காது கேட்கும் திறனைச் சோதிக்கிற வேலை. சுவரெல்லாம் பஞ்சு வைத்த சின்ன அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் காதில் மெல்லிய சத்தம் ஒன்றை விட்டு, கேட்கிறதா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த அறையில் இருந்து இருந்து அவர் குரலும் பாதியாகிவிட்டது. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவார். அந்த இரண்டும் சரியாக இருப்பதுதான் அவளுக்கு எரிச்சல்.

அந்த வருடம் அவளிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு பல் டாக்டர் சேர்ந்தார். நாற்பதைத் தாண்டிய அம்மாள். பிறர் வாய்க்குள் கை நடுங்காமல் ஊசி போடுகிறவருக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்தால் உள்ளங்கை வேர்த்துக் கொட்டும். கிளினிக் திறக்கும் முன் காலை ஏழு மணிக்கு வகுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை, சிமெண்ட் கிடங்கைத் தாண்டிய வெறும் சாலையில், பின் டயர் காற்றுப் போய் உட்கார்ந்தது.

பிரேக்கக்காவுக்கு இது பெரிய விஷயமில்லை. ஜாக்கியை எடுத்தாள், ஸ்பேனரை எடுத்தாள், நட்டில் மாட்டி அழுத்தினாள். அசையவில்லை. ஏறி நின்றாள். அசையவில்லை. பத்து நாளுக்கு முன்தான் டயர் கடையில் நாலு சக்கரமும் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். அங்கே வேலை செய்கிறவர் காற்றழுத்தத்தில் சுற்றும் ஏர் கன்னை வைத்து விர்ரென்று இறுக்கியதை டாக்டரிடம் சொல்லிப் புலம்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனர் மேல் ஒரு குதி குதித்தாள். ஸ்பேனர் நழுவி முழங்காலுக்குக் கீழே தோலை உரித்துக்கொண்டு போனது.

கடைசியில் அந்த வழியாக வந்த லாரிக்காரர் ஒரு இரும்புக் குழாயை ஸ்பேனரில் செருகி, இரண்டு பேராகத் தொங்கித்தான் கழற்ற முடிந்தது. லாரிக்காரர் நல்ல மனுஷன்தான். ஆனால் போகும்போது, இதெல்லாம் பொம்பளைங்க கைக்கு வராதும்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். உரிந்த கால் எரிந்ததைவிட அதுதான் அதிகமாக எரிந்தது.

சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்த டாக்டர் தன்பாட்டுக்குச் சொன்னார்.

“எங்க டிரில்லும் காத்துலதாங்க ஓடுது. நிமிஷத்துக்கு மூணு லட்சம் சுத்து. கைல ஒரு பேனா வெயிட்டுதான் இருக்கும். பலம் கையில இல்ல, காத்துல.”

அவ்வளவுதான். பிரேக்கக்காவின் மண்டைக்குள் வண்டு புகுந்துவிட்டது. அன்று மாலை வகுப்பு முடிந்ததும் நேரே கடைவீதியில் இருந்த கருவிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் நிதானமான ஆள். என்ன வேலைக்கு வேண்டும், வீட்டில் எங்கே வைப்பீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். அவளுக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது. கண்ணாடி அலமாரியில் பதினேழு சாமான் அடங்கிய பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. சக்கர நட்டுக்கு ஒரு கன், இடுக்கில் நுழையும் ராட்செட், தேய்க்கிற கருவி, வெட்டுகிற கருவி, பெயிண்ட் அடிக்கிற துப்பாக்கி, காற்றுப் பிடிக்கிற மீட்டர், பெயர் தெரியாத இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றுக்கும் வெல்வெட்டில் தனித்தனிக் குழி. பார்த்த மாத்திரத்தில் கை அரித்தது. அதனோடு சேர்த்து, அவற்றுக்குக் காற்றை அமுக்கிக் கொடுக்க, ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய சின்ன கம்ப்ரசர் ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; அவள் அதற்குள் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டாள்.

வீட்டுக்காரர் கார் கொட்டகையில் நின்று அந்தப் பெட்டியை ஒரு தரம் பார்த்தார், அவளை ஒரு தரம் பார்த்தார். கம்ப்ரசரை ஓட்டிக்காட்டினாள். தகரக் கூரை அதிர்ந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. அவர் மறுநாள் வேலை முடிந்து வரும்போது, காதை மூடும் தடித்த கவசம் ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

முதல் வாரம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேண்டியதற்கும் வேண்டாததற்கும் கன்னை எடுத்தாள். ஆனால் ஒரு குறை. நாலு நட்டு, ஐந்து நட்டு வரை கன் வீராவேசமாகச் சுற்றும். அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். சத்தம் மட்டும் வரும், முறுக்கு இருக்காது. டேங்க் நிரம்பும் வரை மோட்டார் தடதடவென்று ஓட, இவள் குட்டி போட்ட பூனை மாதிரி காரைச் சுற்றிச் சுற்றி வருவாள். தேய்க்கிற கருவியோ அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. புதுசு, பழகினால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை அதிகாலையில் எழுந்து சக்கரங்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டாள். நாலு சக்கரம், சக்கரத்துக்கு நாலாகப் பதினாறு நட்டு. மூன்று சக்கரம் முடிந்தது. கடைசிச் சக்கரத்துக்கு வரும்போது வழக்கம்போலக் காற்று இறங்கிவிட்டது. நட்டுகளைக் கையால் சுற்றி ஏற்றிவிட்டு, கன்னை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். நட்டு கொஞ்சம் நகர்ந்து நின்றது. டேங்க் நிரம்பட்டும் என்று காத்திருந்தபோது போன் அடித்தது. டாக்டர். கிளினிக் வாசலில் தயாராக நிற்கிறாராம், இன்று கொஞ்சம் சீக்கிரம் போக முடியுமா என்று கேட்டார். பிரேக்கக்கா அரக்கப் பரக்க ஜாக்கியை இறக்கினாள், சக்கர மூடிகளைத் தட்டி மாட்டினாள், கிளம்பிவிட்டாள். இறுக்கவில்லை என்பது அவள் நினைவிலேயே இல்லை. மூன்று சக்கரம் இறுக்கிய கை, நாலாவதையும் இறுக்கியதாகவே நம்பியது.

அன்று டாக்டர் நன்றாக ஓட்டினார். தண்ணீர்த் தொட்டி வளைவில் திரும்பும்போது முன்பக்கத்தில் டக் டக் என்று ஒரு சத்தம். ஸ்டீயரிங் உதறியது. பிரேக்கக்காவின் கால் அவள் சொல்வதற்கு முன்பே அழுத்தியிருந்தது. வண்டி ஓரமாக நின்றது.

இறங்கிப் போய்ச் சக்கர மூடியைக் கழற்றினாள். உள்ளேயிருந்து ஒரு நட்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது. மற்ற மூன்றும் விரலால் திருப்பினால் சுற்றின. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால்? அதை நினைக்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை. டிக்கியிலிருந்த ஸ்பேனரை எடுத்து ஒவ்வொன்றாக இறுக்கினாள்.

டாக்டர் இறங்கவே இல்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“நான் எதையாவது இடிச்சிட்டேனா?”

பிரேக்கக்கா ஸ்பேனரைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஏன் மறைத்தாள் என்று பிறகு பல தடவை யோசித்துப் பார்த்தாள், விளங்கவில்லை. பத்தொன்பது வருடமாக ஒரு விபத்தில்லை என்ற பேர். அது அந்த நேரத்தில் நாக்கைப் பிடித்து இழுத்தது.

“ஒண்ணுமில்ல டாக்டர். கொஞ்சம் ஓரமாப் போயிட்டீங்க. கல்லு இருந்திருக்கும்.”

டாக்டர் தலையாட்டினார். திரும்பும் வழியில் ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இடம் மாறி, பிரேக்கக்காவே ஓட்டிக்கொண்டு வந்து கிளினிக் வாசலில் இறக்கிவிட்டாள். மறுநாள் வகுப்புக்கு வரவில்லை என்று செய்தி வந்தது. அதற்கு மறுநாள், இந்த வாரமே வேண்டாம் என்று இன்னொரு செய்தி.

அதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மற்ற வகுப்புகளில் சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் இறங்கிப் போய்ச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், காதில் விழாது. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, அக்கா, நான் ஏதும் தப்பாப் பண்ணிட்டேனா என்று கேட்டேவிட்டாள். வீட்டில் கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். கொட்டகைக்குப் போவாள், கன்னை எடுப்பாள், வைப்பாள், திரும்பி வருவாள். பெட்டியின் வெல்வெட்டைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. எல்லாத் தப்பும் கம்ப்ரசருடையது என்று ஒரு நேரம் தோன்றும். அவசரப்படுத்திய டாக்டருடையது என்று இன்னொரு நேரம். சுற்றிச் சுற்றி மறுபடி அந்த ஒரு வாக்கியத்தில்தான் வந்து நிற்கும்: கொஞ்சம் ஓரமாப் போயிட்டீங்க.

மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டார். அவள் அடைத்து வைத்ததையெல்லாம் கொட்டினாள். நடந்துகொண்டே சொன்னாள், கூடத்துக்கும் சமையலறைக்குமாக ஏழெட்டு நடை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்பதுதானே அவர் தொழில்.

“எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது,” என்றார். “அவங்ககிட்ட சொல்லு.”

“சொன்னா சேதி ஊரெல்லாம் போயிடுங்க.”

“போகட்டுமே.”

மறுநாள் மதியம், கிளினிக்கில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போனாள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். இருந்ததோ நோயாளிகள் சாயும் அந்த நீள நாற்காலிதான். அவள் அதன் நுனியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், நின்றபடியே சொன்னாள். நட்டு இறுக்காததைச் சொன்னாள். ஸ்பேனரை மறைத்ததைச் சொன்னாள். நீங்கள் சாலை நடுவில் சரியாகத்தான் போனீர்கள், கல் எதுவும் இல்லை என்றாள்.

டாக்டர் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

“டெஸ்டுக்கு நிரப்பி வச்ச லைசென்ஸ் பாரத்தை அன்னிக்கே கிழிச்சிப் போட்டுட்டேன்,” என்றார். “எனக்கு இது வராதுன்னு முடிவு பண்ணிட்டேன். உங்க வேலை எனக்குத் தெரியாதுங்க. ஓரமாப் போனேன்னு நீங்க சொன்னா, போயிருக்கேன்னுதான் நம்புவேன்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கதவுப் பக்கம் திரும்பினாள். அப்போது டாக்டர், நட்டு ஏன் இறுகவில்லை என்று கேட்டார். கோபம் போய்விட்டது என்றில்லை. கருவிகளோடு வேலை செய்கிறவருக்கு அந்தக் கேள்வியை விட்டுவிட முடியவில்லை. பிரேக்கக்கா காற்று இறங்கிப்போனதைச் சொன்னாள். டேங்க் எவ்வளவு பெரிசு என்று கேட்டார். அவள் கையால் அளவு காட்டினாள்.

டாக்டர் அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். சின்ன அறைக்குள் ஒரு கம்ப்ரசர், பூனை உறுமுவது போல் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் இருந்த குமிழைத் திருகிக் காட்டினார். புஸ்ஸென்று தண்ணீர் பீச்சியது. காற்றை அமுக்கினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராக இறங்கும், தினமும் வடிக்காவிட்டால் கருவி துருப்பிடிக்கும் என்றார். அவள் வாங்கிய நாளிலிருந்து ஒரு சொட்டும் வடித்ததில்லை. அப்படி ஒரு குமிழ் இருப்பதே தெரியாது.

“முதல்ல கருவி எவ்வளவு காத்து குடிக்கும்னு பார்க்கணும். அப்புறம்தான் கம்ப்ரசர். நீங்க தலைகீழா வாங்கியிருக்கீங்க,” என்றார் டாக்டர். வகுப்புக்கு வருவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை அதே கடையில் தனக்குக் காற்று போகும் ஹோஸ் ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது, பன்னிரண்டு மணிக்குப் போவேன் என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை பிரேக்கக்கா பதினொன்றரைக்கே பெட்டியும் கம்ப்ரசருமாகக் கடை வாசலில் நின்றாள். கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்து, அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க எங்க நின்னீங்க என்றார். விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு மாற்றித்தர ஒப்புக்கொண்டார். இந்த முறை அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவள் நின்று பதில் சொன்னாள். கால் மட்டும் நிற்கவில்லை, தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

வேலையை வரிசையாகச் சொன்னாள்: சக்கரம் கழற்றுவது, பிரேக் கட்டை மாற்றுவது, இன்ஜின் இடுக்கில் இருக்கும் போல்ட்டுகள். அப்படியென்றால் ஒரு கன்னும் ஒரு ராட்செட்டும் போதும் என்றார் கடைக்காரர். தேய்க்கிற கருவி நிறுத்தாமல் காற்றைக் குடிக்கும், அது பட்டறைக்காரர் சமாச்சாரம். பெயிண்ட் துப்பாக்கியைத் திருப்பிக்கொடுக்கும்போது மட்டும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. காருக்குத் தன் கையால் பச்சை அடிக்க வேண்டும் என்று ஒரு ஆசை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

கன் மூன்று எடுத்து மேஜையில் வைத்தார். பெரியதைக் காட்டி, இது லாரிச் சக்கரத்தையே கழற்றும் என்றார்.

அதற்குள் வந்து சேர்ந்திருந்த டாக்டர், “லாரி வச்சிருக்கீங்களா?” என்று பிரேக்கக்காவைக் கேட்டார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

டாக்டர் ஒவ்வொரு கன்னையும் கையில் எடுத்து, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கனமானதைப் படுத்த வாக்கில் பத்து நிமிடம் பிடித்தால் தோள்பட்டை போய்விடும், வாங்கும்போது தெரியாது, பத்து வருடம் கழித்துத் தெரியும் என்றார். பிரேக்கக்கா நடுவில் இருந்ததை எடுத்தாள். பிடி கைக்குள் அடங்கியது. விசையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க மூன்று படி இருந்தது. கடையில் இருந்த கம்ப்ரசர் ஒன்றின் மேல் ஒட்டியிருந்த பெரிய இலக்கத்தை அவள் படித்துக்கொண்டிருக்க, அது உள்ளே இழுக்கிற காற்று, வெளியே எவ்வளவு வரும் என்று கேளுங்கள் என்றார் டாக்டர். கடைக்காரர் கொஞ்சம் முகம் சுளித்து, பிறகு உண்மையைச் சொன்னார். அதை வைத்துப் பார்த்து, சக்கரம் வைத்த ஐம்பது லிட்டர் டேங்க் ஒன்று முடிவானது. கொஞ்சம் அகலமான ஹோஸ், கன்னுக்குள் விட ஒரு சின்ன எண்ணெய் பாட்டில், நட்டைக் கவ்விப் பிடிக்க, அடி தாங்கும் கறுப்பு சாக்கெட்டுகள். வீட்டில் இருக்கும் பளபள சாக்கெட்டைக் கன்னில் மாட்டினால் தெறித்துக் கண்ணுக்கு வரும் என்று கடைக்காரர் சொன்னபோது, இத்தனை நாளும் அதைத்தான் மாட்டியிருந்தோம் என்பதை அவள் வெளியே சொல்லவில்லை.

கடைசியாக அவளே ஒன்று கேட்டாள். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அவ்வளவு இறுகியதும் டக்கென்று சொல்லும் ஸ்பேனர் ஒன்று உண்டே, அது வேண்டும் என்றாள். டார்க் ரெஞ்ச். கடைக்காரர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்தார்.

“இதை யாரும் கேக்குறதில்லங்க. கன்லயே இறுக்கிட்டுப் போயிடுவாங்க.”

“தெரியும்,” என்றாள் பிரேக்கக்கா. “அப்படி இறுக்கினதைக் கழட்டப் போயித்தான் கால் உரிஞ்சது.”

திங்கட்கிழமை வரச்சொல்லிச் செய்தி அனுப்பிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு டாக்டர் கிளினிக் வாசலில் நின்றார். வண்டியில் ஏறவில்லை. சக்கர மூடிகளைக் கழற்றச் சொன்னார். பிரேக்கக்கா டார்க் ரெஞ்சை எடுத்து, எதிரெதிராக, ஒவ்வொரு நட்டாகப் போட்டுக் காட்டினாள். பதினாறு தடவை டக் என்றது. டாக்டர் பதினாறையும் எண்ணிவிட்டுத்தான் கதவைத் திறந்தார். இப்படியே ஒன்பது நாள் நடந்தது. பத்தாம் நாள் டாக்டரே, நேரமாச்சு, ஏறுங்க என்றார். பிரேக்கக்கா அன்றும் பதினாறையும் போட்டுவிட்டுத்தான் ஏறினாள்.

டாக்டர் முதல் தேர்வில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இன்ஜினை அணையவிட்டுத் தோற்றார். இரண்டாவதில் தேறினார். அன்று அவர் பிரேக்கக்காவிடம் கைகுலுக்கினாரே தவிர, பழைய சிரிப்பு முழுதாக வரவில்லை. நடந்ததை அவர் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. பிரேக்கக்காதான் புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறாள்: ஒரு தடவை என் தப்பில் சக்கரம் ஆடியது, அதனால் சத்தம் கேட்டால் தயங்காமல் நிறுத்துங்கள் என்று. சிலர் அதைக் கேட்டுவிட்டு வேறு பள்ளிக்குப் போனதும் உண்டு.

கம்ப்ரசர் ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் ஓடும் என்று பக்கத்து வீட்டோடு பேசி வைத்துக்கொண்டார்கள். போன ஞாயிறு, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு போல்ட்டை ராட்செட் நுழைந்து எடுத்தது. கையால் என்றால் அரை நாள் வேலை. பத்து நிமிடத்தில் முடிந்ததும், மிச்ச நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, கியர் பெட்டிக்கடியில் எண்ணெய்க் கசிவு மாதிரி ஏதோ மின்னுகிறதே என்று பார்த்து, டார்ச் பிடிக்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் காதில் கவசத்தை மாட்டிக்கொண்டு பேப்பரோடு வந்து நின்றார்.